சார் உட்கார்ந்திருந்த இடம்

காவிரிக்குத் தெற்கே, திருச்சி நகரத்துப் புழுதியெல்லாம் கடைசியாக வந்து அடங்குகிற ஒரு சாலை முனையில் இருந்த மூளைப்பட ஆய்வு மையத்தில், இருபத்திரண்டு வருஷமாக யார் எந்த ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் அதில் முதல் பெயராக வந்துகொண்டிருந்த பேராசிரியர் ஆபத்சகாயம், ஓர் ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் ஒருவருடைய மூளைக்குள்ளும் வந்து உட்கார்ந்தார்.

படம் எடுத்த டெக்னீஷியன் அருளப்பன் அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர். திரையில் சாரைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதுதான். தலையின் இடது பக்கம், உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு நெல்லிக்காய் அளவில், கண்ணாடியும் முழுக்கைச் சட்டையுமாகக் கால் மேல் கால் போட்டபடி சார் இருந்தார். நாற்காலி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தார். அருளப்பன் நெடுக்காக வெட்டிப் பார்த்தார், குறுக்காக வெட்டிப் பார்த்தார். நெடுக்குப் படத்தில் சாரின் பக்கவாட்டு முகமும் குறுக்குப் படத்தில் அவருடைய வழுக்கையும் சுத்தமாக விழுந்திருந்தன. உடனே மாடியேறிப் போய், மையத்தின் ஆராய்ச்சியாளர் மங்கையர்க்கரசியிடம் சொன்னார்.

"மேடம், சார் வந்திருக்காரு."

"சார் டெல்லிக்குல்ல போயிருக்காரு?"

"அங்கயும் இருப்பாரு. கீழ வந்து பாருங்க."

மங்கையர்க்கரசி வந்து பார்த்தாள். கட்டுரையில் வருகிறவர் படத்தில் வருவதற்கு எத்தனை நாளாகும் என்று உள்ளுக்குள் அவளும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் போலிருக்கிறது, அதனால் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அடுத்து வந்த லால்குடி ஆசிரியை தலையிலும் சார் இருந்தார், அதற்கடுத்து வந்த போலீஸ்காரர் தலையிலும் இருந்தார், சாப்பாட்டு இடைவேளைக்குள் எட்டுத் தலைகளில் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை டெல்லியிலிருந்து திரும்பிய சார் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "காதோரம் கொஞ்சம் நரைச்சுத் தெரியுதே" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டார், வியாழக்கிழமையிலிருந்து எல்லார் தலையிலும் அவர் முடி கறுப்பாகிவிட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மிகவும் மரியாதையாக எடுத்துக்கொண்டது. மையத்திலிருந்து போகிற ரிப்போர்ட்டுகளில் 'சார் காணப்படுகிறார், மற்றபடி இயல்பு' என்று ஒரு வரி சேர்ந்தது. தலைவலி உள்ளவர்கள் வந்தது போக, தலைவலியே இல்லாதவர்களும் துறையூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வேன் பிடித்து வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு ஃபிலிமையும் மஞ்சள் பையில் வைத்து எடுத்துப் போனார்கள், "எங்க பையனுக்கு சார் கொஞ்சம் பெரிசாவே விழுந்திருக்காரு" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்கள். அரியர் வைத்த ஒரு கல்லூரிப் பெண், படிப்பு இருக்கிற இடத்தில் சார் உட்கார்ந்துவிட்டதால்தான் பாடம் இறங்கவில்லை என்று வீட்டில் சொல்லி, வீடும் அதை ஒப்புக்கொண்டது. இங்கே ஒரு தடவை படம் எடுத்தவர்கள் பிறகு மதுரையில் போய் எடுத்தாலும் சார் கூடவே வந்தார்; அங்கிருந்த டாக்டர் போன் போட்டு, "சாரைப் பார்த்தேன், விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றார். மண்ணச்சநல்லூர் ஆலைக்காரர் தம்முடைய ஃபிலிமுக்குச் சட்டம் போட்டு, பின்னால் ஒரு டியூப்லைட்டும் வைத்து, ஆலைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

மங்கையர்க்கரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மையத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். முசிறிக்காரி. பொறியியல் படித்து, மூளைப்படத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, நல்ல இடங்களிலிருந்து அழைப்பு வந்தும், "இங்க வாம்மா, சுதந்திரமா வேலை பாக்கலாம்" என்று சார் சொன்னதை நம்பி வந்தவள். வந்து பதினோரு வருஷம் ஆயிற்று. நாற்பத்தொரு கட்டுரைகளை முழுக்க எழுதி, அவற்றில் நான்காவது பெயராகவும், சில நல்ல காலங்களில் மூன்றாவது பெயராகவும், இரண்டு கட்டுரைகளில் 'மற்றும் பலர்' ஆகவும் இருந்திருக்கிறாள். அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் பெற்று வளர்த்தது ஒரு செயற்கை நுண்ணறிவு. அதற்குத் 'தெளிவு' என்று பெயர் வைத்திருந்தாள். மூளைப் படத்தைக் கொடுத்தால் எங்கே கட்டி, எங்கே அடைப்பு என்று அது சொல்லும். டாக்டரே இல்லாத ஆஸ்பத்திரியிலும் ஒரு மனுஷர் உயிர் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

தெளிவுக்குப் பாடம் எடுக்கும் முறை எளிமையானது. மேற்படிப்பு மருத்துவ மாணவர்கள் ஆயிரக்கணக்கான படங்களைத் திரையில் பார்த்து, நோய் இருக்கிற இடத்தில் சிவப்பு வட்டம் போடுவார்கள். தெளிவு அந்த வட்டங்களைப் பார்த்துப் பார்த்து, நோய் என்றால் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ளும். வட்டத்தைத் தவிர அதற்கு வேறு கடவுள் கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொல்கிறது என்று கணக்கு வந்தது, சுகாதாரத் துறை சந்தோஷப்பட்டது, முப்பத்தெட்டு மாவட்டத்துக்கும் அனுப்புவது என்று முடிவாயிற்று, சார் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். மூளைக்குள் சார் வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது, தெளிவு பாடம் படித்ததெல்லாம் அந்த மூன்று வருஷத்துப் படங்களில்தான்.

அந்தச் சமயத்தில்தான் மங்கையர்க்கரசியின் ரவிக்கையில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தது.

பாலக்கரையில் தையல் கடை வைத்திருந்த மெஹருன்னிசா ஒன்பது வருஷமாக அவளுக்குத் தைப்பவள், அளவெடுக்காமலே தைப்பவள், ஒரு நூல் பிசகாதவள். மங்கையர்க்கரசி ரவிக்கையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் அழுதுவிட்டாள்.

"கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குதுக்கா. ஊசியில நூல் கோக்கவே அரை மணி நேரம் ஆவுது. கத்திரி தானா நழுவுது."

"எந்தக் கை மெகரு?"

"வலது கைதான். அது போச்சுன்னா எனக்கு என்னக்கா இருக்கு?"

மறுநாளே மையத்துக்குக் கூட்டி வந்து படம் எடுத்தார்கள். தெளிவு பச்சை எழுத்தில் 'நலம்' என்றது. ஒரு மாதம் கழித்து எடுத்தார்கள், நலம். கை இன்னும் விழுந்து, பொத்தான் போட முடியாமல் ஆனபிறகு எடுத்தார்கள், அப்போதும் நலம். சார் காணப்படுகிறார், மற்றபடி இயல்பு. மெஹருன்னிசா ஃபிலிமை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய மனுசன் வந்து உக்காந்திருந்தா அவருக்கும் எடம் வேணும்ல, அதான் தலை கனக்குது போல" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மங்கையர்க்கரசிக்குச் சமாதானம் ஆகவில்லை. வலது கையை ஆட்டிவைக்கிற இடம் மூளையின் இடது பக்கம், உச்சிக்குச் சற்றுக் கீழே. அதாவது, சார் உட்கார்ந்திருக்கிற இடம். மூன்று வருஷத்தில் எடுத்த ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய படங்களையும் அவள் ஒரே மூச்சில் தேடிப் பார்த்தாள். காவிரிக் கரையில் இத்தனை தலைகள் இருந்தும், அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒருவருக்கும் ஒரு நோயும் வந்ததாகப் பதிவில்லை. வட்டம் போட்ட மாணவர்களைக் கூப்பிட்டு விசாரித்தாள். 

"சார் தோளுக்குப் பின்னாடி சில படத்துல ஏதோ வெள்ளையா தெரிஞ்சுது மேடம்" என்றாள் ஒரு மாணவி.

"அப்ப ஏன் வட்டம் போடல?"

"வட்டம் சார் மேல போவும். சார் மூஞ்சி மேல எப்படி மேடம் கோடு போடறது? வீட்ல பெரியவங்க போட்டோ மேல பேனா வெப்பமா?"

அவர்கள் பொய் சொல்லவில்லை, சோம்பலும் படவில்லை. காலர் வரைக்கும் வந்த வட்டங்களைக்கூட மரியாதையாக அழித்திருந்தார்கள். தெளிவு கெட்டிக்காரக் குழந்தை. அந்த இடத்தில் நோய் என்பதே கிடையாது என்று நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. மங்கையர்க்கரசிக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. மூன்று வருஷம் தினமும் அந்தப் படங்களைப் பார்த்தவள் அவள், சாருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே.

சாரிடமே போனாள்.

"சார், ஒரு சின்ன விஷயம். கொஞ்சம் நகர்ந்துக்க முடியுமா?"

சார் தம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டார். "எங்கேர்ந்து?"

"எல்லார் தலையிலேர்ந்தும் சார். ரெண்டு சென்டிமீட்டர் போதும்."

சாருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் அவருடைய பெருமை. "மங்கை, மூணு வருஷமா அந்த இடத்துல ஒருத்தருக்காவது வியாதி வந்திருக்கா?"

"பாக்க முடியல சார்."

"வரலை. நான் உட்கார்ந்த இடத்துல வியாதி வரலை. இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுரையை எடுத்து வைத்தார். 'ஆபத்சகாயம் பாதுகாப்பு விளைவு' என்று தலைப்பு இருந்தது. "உங்க பேர மூணாவதாப் போட்டிருக்கேன். எழுதறது மட்டும்தான் பாக்கி, சீக்கிரம் எழுதிக் குடுத்துருங்க."

"எனக்குத் தைக்கிற பொண்ணு சார். வலது கை விழுந்துக்கிட்டே வருது."

"அடடா" என்றார் சார், உண்மையான அக்கறையோடு. "வேற நல்ல டெய்லரா பாத்துக்குங்க."

அவள் கீழே வந்து அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அருளப்பன் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, பழைய ஃபிலிம்கள் கிடந்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவினார்.

"சார் யாரு சொன்னாலும் எந்திரிக்க மாட்டாரு மேடம். யாராவது பெரியவங்க வந்தாத்தான் எந்திரிப்பாரு. இதப் பாருங்க. போன வருஷம் துணைவேந்தர் வந்து எட்டிப் பாத்தப்ப எடுத்துக்கிட்டிருந்த படம். ஆடிருச்சுன்னு ஒதுக்கிட்டு வேற எடுத்தோம்."

படம் ஆடவில்லை. அதில் சார் எழுந்து, இரண்டு எட்டு ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"துணைவேந்தர் ஒரு நிமிஷம்தான் நின்னாரு" என்றார் அருளப்பன். "முழுப் படத்துக்கு நாலு நிமிஷம் வேணும். பெரிய மனுசங்க நாலு நிமிஷம் எங்க நிக்கிறாங்க? வந்ததும் நாற்காலி போட்டுருவாங்க."

"தெளிவு தொடக்க விழாவுக்குச் சுகாதாரத் துறைச் செயலாளர் வர்றாரு, அருளப்பண்ணே."

"குத்துவிளக்கு உண்டுல்ல?"

"உண்டு."

"அப்ப நான் பாத்துக்கறேன்" என்றார் அருளப்பன்.

விழா அடுத்த வெள்ளிக்கிழமை, ஸ்கேன் அறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்பின் இந்தப் பக்கம் நடந்தது. செயல்விளக்கத்துக்கு நோயாளியாக மெஹருன்னிசாவை இயந்திரத்துக்குள் படுக்க வைத்திருந்தார்கள். எதிரே பெரிய வெள்ளைத் திரை, நடுவே ஐந்து முகக் குத்துவிளக்கு, அதற்கு நேர் மேலே அருளப்பன் காலையிலேயே ஏணி போட்டு ஏறித் திருப்பி வைத்த ஏசி. சஃபாரி சூட்டில் சுகாதாரத் துறைச் செயலாளர் உள்ளே நுழைந்தார், எல்லாரும் எழுந்தார்கள், அருளப்பன் பொத்தானை அழுத்தினார். செயலாளர் முதல் திரியை ஏற்றினார், அது அணைந்தது. இரண்டாவதை ஏற்றினார், அதற்குள் மறுபடி ஏற்றிய முதல் திரி அணைந்தது. சார் ஓடிப்போய் இரண்டு கையையும் குவித்துக் காற்றை மறித்தார், மாவட்டத்து அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் கோப்புகளைப் பிடித்து மறித்தார்கள், தீ மூட்டிய மெழுகுவர்த்தியும் அணைந்து வேறொன்று வந்தது, விளக்கு ஏற்றி முடிக்காமல் உட்காருவது அபசகுனம் என்பதால் அத்தனை பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள், நான்கு நிமிஷமும் நின்றார்கள்.

வெள்ளைத் திரையில் மெஹருன்னிசாவின் மூளைக்குள் சார் மெல்லக் காலை இறக்கினார், எழுந்தார், சட்டையை நீவிக்கொண்டு இரண்டு எட்டு ஒதுங்கி, கையைக் கட்டிச் சிரித்த முகமாக நின்றார். அவர் மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், ஒரு சுண்டைக்காய் அளவில் வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது. அறையிலிருந்த எல்லாருக்கும், டிரைவருக்குக்கூட, தெரிந்தது. தெளிவு அந்தப் படத்தை எடுத்து ஆராய்ந்தது, பச்சை எழுத்தில் 'நலம்' என்றது, எல்லாரும் கை தட்டினார்கள்.

மங்கையர்க்கரசிக்கு அந்தக் கைதட்டல் பதினோரு வருஷக் கனவு. படம் பதிவாகிவிட்டது, பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் மெகருவை மட்டும் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம், யாருக்கும் தெரியாது. தெளிவு அடுத்த மாதம் முப்பத்தெட்டு மாவட்டத்துக்கும் போய், சுண்டைக்காய் சுண்டைக்காயாக நலம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவள் சுவரோரம் எழுதுபலகைக்குக் கீழே இருந்த சிவப்பு மார்க்கரை எடுத்தாள். நேராகத் திரைக்குப் போய், சார் இருந்த இடத்தின் மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"இது தப்பு" என்றாள். "இங்க கட்டி இருக்கு. என் தெளிவுக்கு இது தெரியல. தெரியாத மாதிரி நாங்கதான் பழக்கியிருக்கோம். ஆறாயிரம் பேருக்கு நலம்னு எழுதிக் குடுத்திருக்கோம், எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்."

செயலாளர் மெழுகுவர்த்தியோடு நிமிர்ந்தார். "அந்த இடத்துல இத்தன நாள் உட்கார்ந்திருந்தது யாரு?"

எல்லாரும் குத்துவிளக்கைப் பார்த்தார்கள். அப்போது ஐந்தாவது திரி பிடித்துக்கொண்டது, எல்லாரும் உட்கார்ந்தார்கள், திரையில் சஃபாரி சூட் போட்ட யாரோ ஒருவர் அந்த இடத்தில் வந்து உட்காரப் பார்த்தார், அருளப்பன் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

மெஹருன்னிசாவுக்கு அடுத்த வாரம் கட்டியை எடுத்தார்கள். சாருக்கு விசாரணை நடந்தது, விசாரணையின் முடிவில் சென்னைக்கு ஆலோசகராகப் பதவி உயர்வு வந்தது. ஆணை வந்த அன்றே எல்லார் தலையிலிருந்தும் எழுந்து போய்விட்டார். தலை லேசாகிவிட்டதாகச் சிலரும், வீடு வெறிச்சென்று இருப்பதாகச் சிலரும் சொன்னார்கள். ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் போட்டு மறுபடி படம் எடுத்ததில் இருபத்து மூன்று பேருக்கு சார் இருந்த இடத்துக்குப் பின்னால் ஏதோ இருந்தது. மண்ணச்சநல்லூர் ஆலைக்காரருக்குப் போன கடிதம் திரும்பி வந்தது. அவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, கல்லாவுக்கு மேலே அவர் போட்டோவும் சாருடைய படமும் ஒரே மாலையில் இருந்தன. மங்கையர்க்கரசி அந்தக் கடிதத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தெளிவுக்கு முதல் வட்டத்திலிருந்து மறுபடி பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

வேறு யாரும் இல்லாததால் அவளையே துறைத் தலைவி ஆக்கினார்கள். இரண்டு வருஷம் ஓடியது. ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், கையெழுத்துக்கு முப்பத்தேழு கோப்புகள் காத்திருந்த வேளையில், மாணவர்கள் தாங்கள் எழுதிய கட்டுரையைக் கொண்டு வந்து வைத்து, "மேடம் பேர முதல்ல போட்டிருக்கோம்" என்றார்கள். அவள் அதில் ஒரு வரி எழுதவில்லை. நாளைக்கு அடித்துவிடலாம் என்று நினைத்தாள். வெயில் அப்படி. மறுநாள் நினைவு வரவில்லை, அதற்கு மறுநாள் நினைவு வந்தது, ஆனால் பெயர் அந்த இடத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை அருளப்பன் ஒரு ஃபிலிமோடு வாசலில் வந்து நின்றார்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது."

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இடது பக்கம், உச்சிக்குச் சற்றுக் கீழே, நீலக் கைத்தறிப் புடவையும் கண்ணாடியுமாக ஒருத்தி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் இரண்டு கையும் ஒரே அளவாக இருந்தன.

"யாரோட படம் அருளப்பண்ணே?"

"மெகருவோடது. ஆறு மாசத்துக்கொரு தடவ எடுக்கிற செக்கப்புக்கு வந்திருக்கா, உள்ளதான் படுத்திருக்கா. கட்டி எடுத்த இடத்துல மறுபடி வளந்திருக்கான்னே தெரிய மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் எந்திரிக்கணும்."

மேசையில் கிடந்த கட்டுரையை இழுத்து, தன் பெயரை அடித்தாள். படத்தில் இருந்தவள் அசையவில்லை. பெயரை அடித்தால் மட்டும் எழுந்துகொள்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். எழுந்து, படியிறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்கேன் அறைக்குள் போனாள். இயந்திரத்தின் கால்மாட்டில், மெஹருன்னிசாவுக்கு நேர் எதிரே, இரண்டு எட்டு ஒதுங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே முகத்துக்கு மேல் இருந்த சின்னக் கண்ணாடியில் மெஹருன்னிசா அவளைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா நிக்கிறீங்க? அங்க ஸ்டூலு கெடக்கு பாருங்க, உக்காருங்க."

"இருக்கட்டும் மெகரு. நீ ஆடாம படுத்துக்க. நான் நிக்கிறேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அருளப்பன் நான்கு நிமிஷப் படத்துக்கான பொத்தானை அழுத்தினார்.